பாட்டிலா, பவுடரா?

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகன் தினமும் கடையில் ரெடிமேட் புரோட்டீன் ஷேக் வாங்கிக் குடிக்கிறான். பவுடர் வாங்கி வீட்டிலேயே கலக்கினால் போதாதா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போதும். தினமும் என்றால் பவுடர்தான் கட்டுப்படியாகும். 30 கிராம் வே (whey, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) பவுடரில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். தண்ணீருக்குப் பதில் 200 மில்லி பாலில் கலக்கினால் இன்னும் ஆறேழு கிராம் கூடும். இரண்டு முட்டையிலேயே 12 கிராம் கிடைக்கிறது, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை!

ரெடிமேட் ஷேக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். டெட்ரா பேக்கைப் பிரிக்கும்வரை ஃப்ரிட்ஜ் தேவையில்லை, பயணத்துக்கு வசதி. ஆனால் முன்பக்கக் கொட்டை எழுத்தை நம்பாமல் பின்பக்கம் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' வரியைப் பாருங்கள். கணக்கு 100 மில்லிக்கா, முழு பேக்குக்கா என்பதையும் கவனியுங்கள்.

கலக்கும்போது முதலில் பால், அப்புறம் பவுடர். கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். கலக்கியதை உடனே குடித்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஷேக்கரை மகனே கழுவட்டும். மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றித் தேய்க்கச் சொல்லுங்கள், நாற்றமெல்லாம் அங்கேதான்.