ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் ஒடிசாவைச் சேர்ந்த அண்ணன், தம்பி இருவர் குடியிருக்கிறார்கள். காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைக்கிறார்கள். பி.எஃப். பிடிக்கிற கம்பெனி ஒன்றில் தம்பிக்கு வேலை கிடைத்தும், ஆதார் ஓடிபி வராததால் இன்னும் சேர்க்கவில்லை. காண்ட்ராக்டர், “என் நம்பரையே ஆதாரில் ஏற்றிவிடலாம்” என்கிறார். சரியா? பாதி சைகையில்தான் பேசிக்கொள்கிறோம், எப்படி விளக்குவது? – வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறதோ அதற்குத்தான் ஓடிபி போகும். நாளைக்கு பி.எஃப். பணம் எடுக்க, கம்பெனி மாற, எதற்கும் அந்தப் பையன் காண்ட்ராக்டர் வாசலில் நிற்க வேண்டிவரும். காண்ட்ராக்டர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவர் நம்பரை மாற்றிவிட்டால் என்ன செய்வது?

முதலில் இப்போது ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். மை ஆதார் இணையதளத்தில் ஆதார் செல்லுமா என்று சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. ஆதார் எண்ணையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் போட்டால், இணைத்திருக்கும் மொபைலின் கடைசி மூன்று இலக்கம் வரும். இதற்கு ஓடிபி கேட்காது. பெரும்பாலும் அது ஊரில் ஆதார் எடுத்தபோது கொடுத்த, ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன நம்பராக இருக்கும். பிரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம், பிறகு அதே நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஓடிபி வராததற்குக் காரணம் பல நேரம் இவ்வளவுதான்.

புது சிம் தம்பி பெயரிலேயே இருக்கட்டும். ஒடிசா ஆதாரை வைத்தே திருப்பூரில் வாங்கலாம். கடையில் கைரேகை வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். “சரியா விழல, இன்னொரு தடவை வை” என்று சொல்லி, அதே ரேகையில் இரண்டாவது சிம் எடுத்துவிடும் மோசடி உண்டு. சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அவருக்குத் தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

அடுத்து ஆதார் மையம். சில தபால் நிலையங்களிலும் வங்கிக் கிளைகளிலும் இருக்கிறது. மொபைல் நம்பர் மாற்ற எந்தச் சான்றும் வேண்டாம், ஆதார் எண்ணும் ஆளும் போதும். கட்டணம் 75 ரூபாய். ரேகை தேய்ந்து விரல் விழவில்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள், கருவிழி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேட்டர் நம்பரை அடித்து முடித்ததும், திரையில் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பையன் வாசிக்கட்டும். ஒரு இலக்கம் தவறினால் இன்னொரு 75 ரூபாய், இன்னொரு நாள் கூலி. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நம்பர் சில நாளில் ஏறிவிடும், தாமதமானால் ஒரு மாதம்வரை ஆகலாம். “முகவரியையும் திருப்பூருக்கு மாற்று” என்று யாராவது சொல்வார்கள். இந்த வேலைக்காக அது தேவையில்லை.

நம்பர் ஏறிய பிறகுதான் யூஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண். இதற்கு முன் எங்கேயாவது பி.எஃப். பிடித்தார்களா என்று கேளுங்கள், ஒரு மாதம் வேலை பார்த்திருந்தாலும் சரி. பிடித்திருந்தால் அந்தப் பழைய எண்ணைத்தான் கம்பெனியில் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே யூஏஎன்தான், இரண்டாவதாக ஒன்று உருவானால் பழைய பணத்தை மாற்றுவதற்குள் உயிர் போய்விடும். புதிதாக எடுப்பதென்றால் மத்திய அரசின் உமங் செயலியும், முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் போனில் வேண்டும். ஓடிபி வந்ததும் முகத்தைக் காட்டச் சொல்லும். ட்யூப்லைட்டுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஏற்காது, வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். சின்ன வயதில் எடுத்த ஆதார் போட்டோ என்றாலும் பொருந்தாமல் போகும். மையத்துக்குப் போகும்போதே அதைப் புதுப்பித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு குழப்பம். அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு மத்திய அரசு தரும் இ-ஷ்ரம் அட்டையிலும் ‘யூஏஎன்’ என்று 12 இலக்க எண் இருக்கும். அது பி.எஃப். எண் அல்ல. அதைக் கம்பெனியில் நீட்டி, ஏற்கவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் பி.எஃப். இல்லாமல் பீஸ் ரேட்டிலேயே தொடர்ந்தால், 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால் அவர் இ-ஷ்ரமில் பதியலாம், இலவசம்.

சைகைக்குப் பதில் ஆதார் உதவி எண்ணான 1947-க்கு போன் போட்டு தம்பி கையில் கொடுத்துவிடுங்கள். ஆதார் விஷயத்தை ஒடியாவிலேயே சொல்வார்கள்.