மேல், கீழ், இடம், வலம்

கேள்வி: எலக்ட்ரானின் ஸ்பின்னை ‘மேல்’, ‘கீழ்’ என்று குறிக்கும் இயற்பியல் நூல்கள், மின்னூட்டமற்ற நுண்துகளான நியூட்ரினோவை ‘இடக்கைத் துகள்’ என்கின்றன. இரண்டும் ஒன்றா?
– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லை. முன்னது நாம் தேர்ந்துகொண்ட அச்சைச் சார்ந்தது; பின்னது துகள் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டது.

கோவை பம்புசெட்டுகளின் மேல் சுழலும் திசைக்கு அம்புக்குறி இட்டிருப்பார்கள். அதை விடுத்து ‘வலஞ்சுழி’ என்று மட்டும் சொன்னால், மோட்டாரின் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்ற கேள்வி எழும். இந்தக் குழப்பம் வராமலிருக்கவே, வலக்கை விரல்களைச் சுழலும் போக்கில் மடக்கி, கட்டைவிரல் காட்டும் திசையைச் சுழற்சியின் திசையாகக் கொள்கிறார்கள். (எலக்ட்ரானும் மோட்டார்போலச் சுற்றுவதாக எண்ணிவிட வேண்டாம், அதற்கு இயல்பாகவே கோண உந்தம் உண்டு, அதுவே ஸ்பின் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இயற்பியலாளர்கள் ஸ்டெர்ன், கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தியபோது, அணுவிலுள்ள ஓர் எலக்ட்ரானின் ஸ்பின் காரணமாக அது மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தது. காந்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலும் இரண்டாகத்தான் பிரியும், ஆனால் பக்கவாட்டில். ஆகவே ‘மேல்’ என்பது வானத்தை அன்று, அளக்கும் புலத்தின் திசையைக் குறிப்பது.

ஸ்பின்னின் திசையும் துகள் செல்லும் திசையும் ஒத்திருந்தால் வலக்கை, எதிரெதிராக இருந்தால் இடக்கை. நிறையுள்ள எலக்ட்ரானை முந்திச் செல்பவருக்கு அது பின்னோக்கி நகர்வதாகத் தெரியும் என்பதால், அவர் கணக்கில் கையும் மாறிவிடும். அதனால்தான் பார்ப்பவரைச் சாராத ‘கைராலிட்டி’ என்ற பண்பைத் தனியே வரையறுக்கிறார்கள். நிறையற்ற துகளில் இந்தக் கையும் கைராலிட்டியும் ஒத்துப்போகும், நிறை மிகச் சிறிய நியூட்ரினோவில் ஏறத்தாழ ஒத்துப்போகும். பாடநூல்கள் பலவும் இந்த வேறுபாட்டை ஒரே வரியில் கடந்துவிடுவது சரியன்று.

இயற்கைக்கே கை வேறுபாடு உண்டு என்பது 1957இல் தெரியவந்தது. சியென் ஷியுங் வூ குழுவினர் கோபால்ட்-60 அணுக்கருக்களை ஏறத்தாழ 0.01 கெல்வின் வரை குளிர்வித்து, அவற்றின் ஸ்பின்னை ஒரே திசையில் அமையச் செய்தபோது, பீட்டா சிதைவில் (அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து வேறு தனிமமாக மாறும் நிகழ்வு) வெளிப்பட்ட எலக்ட்ரான்கள் அந்த ஸ்பின்னுக்கு எதிர்த்திசையிலேயே மிகுதியாகச் சென்றன. மறுஆண்டு கோல்ட்ஹேபர் குழுவினர் நியூட்ரினோ இடக்கையுடையது எனக் கண்டனர். வலக்கை விதிக்குப் பதிலாக இடக்கை விதியை நாம் ஏற்றிருந்தால் ஸ்பின்னுக்கு இடும் அம்புக்குறிகள் எல்லாம் திரும்பியிருக்கும். கோபால்ட் சோதனையைக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும் காட்சி, அப்போதும் இயற்கையில் நிகழாததாகவே இருந்திருக்கும்.