பாலர் வகுப்பில் பாரபட்சம்: டீச்சர்களின் கேள்விகளும் பதில்களும்

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். ஆனாலும் என்னை அறியாமல் பாரபட்சம் இருக்குமோ? எப்படிக் கண்டுபிடிப்பது?
(எல்.கே.ஜி. டீச்சர், தக்கலை)

மனதைக் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்லும். எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் வட்டமாக உட்காரும் 20 நிமிடம், ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் குறிக்க வேண்டும்: கேள்வி கேட்டால் 'கே', பாராட்டினால் 'பா', அதட்டினால் 'அ', பக்கத்தில் அழைத்து அணைத்தால் 'ம'. குறிக்கிற வேலையை ஆயாவிடம் கொடுங்கள். நீங்களே குறித்தால் உங்கள் பேச்சு மாறிவிடும். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிடுங்கள்; பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாருமே கொஞ்சம் நல்லவர்களாகிவிடுவோம். அடுத்த 3 நாள் கணக்கைக் கூட்டுங்கள்.

'அ' மட்டும் விழுந்த பிள்ளை யார்? ஒரு குறியும் விழாத பிள்ளை யார்? என் அனுபவத்தில் இரண்டாவது பிள்ளைதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. சேட்டை செய்யாததால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

சரிசெய்ய, ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டம்ளரில் போட்டு, எடுக்கும் பெயரைக் கூப்பிடுங்கள். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: அந்தப் பிள்ளை உடனே பேசாவிட்டால் அடுத்த குச்சிக்குப் போய்விடுகிறோம். ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அதை 3 நொடிக்கு நீட்டியதும் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். எடுத்த குச்சியைத் திரும்ப டம்ளரிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு முறை பேசிய பிள்ளை "என் முறை முடிஞ்சுது" என்று கவனத்தை விட்டுவிடும்.

வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை "வெள்ளம் வேணும்" என்றால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.
(அங்கன்வாடி டீச்சர், களியக்காவிளை பக்கம்)

"அப்படிச் சொல்லக் கூடாது" என்று திருத்தாதீர்கள். "வெள்ளம் வேணுமா? இந்தா தண்ணி, குடி" என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள். மலையாளப் பக்கத்தோடு இருந்து 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். இங்கே தமிழ் வீடுகளிலும் தண்ணீருக்கு வெள்ளம் என்ற சொல் புழங்குகிறது. மரச்சீனி, கப்ப, மரவள்ளி என்று ஒரே கிழங்கின் பெயர்களைப் படத்தின் கீழே எழுதித் தொங்கவிடுங்கள். சிரித்த பிள்ளைகளே புதிதாக ஒரு பெயர் தேடிக்கொண்டு வருவார்கள்.

வடநாட்டுத் தொழிலாளியின் மகன் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வாயே திறக்கவில்லை. மந்தமோ?
(நாகர்கோவில்)

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளை சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டுமே இருப்பது இயல்பு. சொன்னதைச் சைகையில் செய்கிறானா, வீட்டில் தன் மொழியில் பேசுகிறானா என்று பாருங்கள். வீட்டிலும் பேசவில்லை என்றால் மட்டும் காது கேட்பதைச் சோதிக்க மருத்துவரிடம் அனுப்புங்கள். முதலில் எந்த மொழி என்று தாயிடம் கேளுங்கள். வடக்கிலிருந்து வந்தவர் என்றாலே இந்தி என்று முடிவுகட்டக் கூடாது. தண்ணீர், பசி, வலி, மூத்திரம், அம்மா வருவாள் ஆகிய ஐந்துக்கும் அவர்கள் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

"நீ கறுப்பு, உன்கூட வெளையாட மாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால்?
(யு.கே.ஜி. டீச்சர், மார்த்தாண்டம்)

"எல்லாரும் ஒண்ணுதான்" என்று மூடிவிடாதீர்கள். நிறம் வேறு என்பது பிள்ளைக்கே தெரிகிறதே. முதலில் காயப்பட்ட பிள்ளையிடம் போங்கள். பிறகு எல்லாருக்கும்: "தோலுக்குள்ள மெலனின்னு ஒண்ணு இருக்கு. கூட இருந்தா கறுப்பு, கொறஞ்சா வெளுப்பு. நிறத்தைச் சொல்லி யாரையும் வெளையாட்டுல இருந்து தள்ளக் கூடாது." மறுநாள் பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பெயிண்ட் கொடுத்து, அவரவர் கையைப் பார்த்து நிறம் கலக்கச் சொல்லுங்கள். ரோஸ் கிரயானைத் தோல் நிறம் என்று அழைப்பதை நிறுத்துங்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதாவும் சம்மனசும் (தேவதூதரும்) யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அங்கே வெளுத்த பிள்ளையைத் தேடினால் மற்ற பாடமெல்லாம் வீண்.

மீன்காரர் பிள்ளைக்குப் பக்கத்தில் தன் மகளை உட்காரவைக்கக் கூடாது என்று ஒரு தாய் கேட்கிறார்.
(குளச்சல்)

முடியாது என்று சொல்லுங்கள். "இங்க வாரத்துக்கு ஒருக்கா எல்லாருக்கும் இடம் மாறும்மா, யாருக்கும் தனி இடம் கெடையாது." குரலை உயர்த்தாமல், பிள்ளைகள் காதில் விழாத இடத்தில், அன்றைக்கே.