காரணம் சொல்லாத நீக்கம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மனிதர்மீது வழக்கு, தீர்ப்புச் சொன்ன ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளையர் என்று அடிக்கடி படிக்கிறேன். சட்டம் இதை அனுமதிக்கிறதா? தடுக்க வழியே இல்லையா? (திருச்சி வாசகி)

பதில்: அனுமதிக்கவில்லை. இனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஜூரியிலிருந்து ஒதுக்குவதை 1875-லேயே அங்கே சட்டம் போட்டுக் குற்றமாக்கினார்கள். ஓட்டை இருப்பது ஜூரியைத் தேர்ந்தெடுக்கும் முறையில்.

ஜூரி என்பது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு. அதற்கு அழைக்கப்பட்டவர்களை முதலில் விசாரிப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர், ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டவர் போன்றோரை நீதிபதி காரணத்தோடு விலக்குவார். இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. அதன்பின் இரு தரப்பும் காரணமே சொல்லாமல் சிலரை நீக்கலாம். மத்திய நீதிமன்றங்களில் கடுங்குற்ற வழக்கென்றால் அரசுத் தரப்புக்கு 6 பேர், எதிர்த்தரப்புக்கு 10 பேர். மரண தண்டனை வழக்கில் ஆளுக்கு 20. வந்திருக்கும் கறுப்பினத்தவர் நாலைந்து பேர்தான் என்றால், எல்லோரையும் வெளியேற்ற இது தாராளமாகப் போதும்.

1986-ல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுக்க மூன்று படிகளை வகுத்தது. எதிர்த்தரப்பு சந்தேகத்துக்கு அடிப்படை காட்ட வேண்டும். நீக்கியவர் இனம் சாராத காரணம் சொல்ல வேண்டும். அது உண்மையா சாக்கா என்று நீதிபதி முடிவு செய்ய வேண்டும். பழுது இரண்டாம் படியில். அங்கே சொல்லும் காரணம் நம்பும்படி இருக்க வேண்டியதில்லை என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. 'நீளமான தலைமுடி, தாடி' என்பதேகூட அந்தப் படியைத் தாண்டிவிட்டது.

ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கு 1987-ல் நடந்தது. 34 வயதுக் கறுப்பினப் பெண்ணை, பதின்ம வயதைத் தாண்டாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'வயதில் நெருக்கமானவர்' என்று நீக்கினார்கள். 36 வயதுக்குக் கீழே இருந்த எட்டு வெள்ளையரை நீக்கவில்லை. 2006-ல் அரசுத் தரப்பின் கோப்பு கைக்குக் கிடைத்தபோது, பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் மட்டும் பச்சை வண்ணம் பூசப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது 2016-ல். அந்தக் கோப்பு கிடைக்காமலே போயிருந்தால்?

ஆகவே வழக்கறிஞர் ஜூரி பதவியேற்கும் முன்பே ஆட்சேபிக்க வேண்டும். நீக்கப்பட்டவர், வைத்துக்கொள்ளப்பட்டவர் ஒவ்வொருவரின் இனத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவாக்க வேண்டும். மேல்முறையீட்டில் கையில் இருப்பது எழுத்துப் பதிவு மட்டுமே. அதில் முகம் தெரியாது. பிறகு, அதே பதிலைச் சொன்ன வெள்ளையரை ஏன் நீக்கவில்லை என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலம் 2018-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கெட்ட நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. போலீஸ்மீது நம்பிக்கையில்லை, குற்றம் மலிந்த பகுதியில் குடியிருக்கிறார் போன்ற காரணங்களை எடுத்த எடுப்பிலேயே செல்லாதவையாகக் கருதுகிறார்கள். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். போலீஸின் கெடுபிடியை அதிகம் அனுபவித்தவரே அதை நம்பத் தயங்குவார். அந்தத் தயக்கத்தையே தகுதிக்குறைவாக்கினால் அநியாயம் இரட்டிப்பாகிறது.

கேள்வி: நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதானே. அவருக்கு இதில் என்ன இழப்பு? (சேலம் வாசகர்)

பதில்: மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவர்மீது ஒரே வழக்கை ஆறு முறை நடத்தினார்கள். ஆறாம் முறை, நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு கேட்டவை 145 கேள்விகள். ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் கேட்டவை மொத்தமே 12. குடிமகனாகக் கடமை செய்ய வந்தவரைக் குற்றவாளியைப் போலக் குடைந்துவிட்டு, போகலாம் என்கிறார்கள். அந்த அவமானம் அவருடையது. 1991-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது: குற்றம் சாட்டப்பட்டவர் வெள்ளையராக இருந்தாலும், கறுப்பினத்தவரை இனம் பார்த்து நீக்குவதை அவர் ஆட்சேபிக்கலாம், ஏனெனில் பறிபோவது நீக்கப்பட்டவரின் சம உரிமை. ஃபிளவர்ஸின் தண்டனை 2019-ல் ரத்தானது. அடுத்த ஆண்டு வழக்கே கைவிடப்பட்டது.

அரிசோனா, காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையையே 2022 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. அங்கே இப்போது யாரை விலக்குவதானாலும் நீதிபதி ஏற்கும்படி காரணம் சொல்லியாக வேண்டும்.