கேளுங்க சொல்றேன்: உங்க ஓட்டு எந்த வார்டுல இருக்கு?

இந்தத் தடவ வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஓட்டர் லிஸ்ட் பத்தித்தான். நம்ம மதுரை மாநகராட்சி கவுன்சிலருங்க 2022 மார்ச் 2-ல பதவி ஏத்தாங்க, அஞ்சு வருஷம்தான் ஆயுசு, அடுத்த எலெக்சன் எப்பன்னு கணக்கு போட்டுப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கீங்க போல. நான் டீச்சரா இருந்தப்ப பி.எல்.ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் சேத்துப் பாத்தவ, வீடு வீடா ஏறி இறங்குனவ. தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: டீச்சர், உசிலம்பட்டியில இருந்து மூணு வருஷம் முன்னாடி விளாங்குடிக்கு வாடகைக்கு வந்தோம். மழை பேஞ்சா தெருத்தண்ணி வாசப்படி வரைக்கும் ஏறிருது. ஏரியா சபை கூட்டம்னாங்க, போய் பேசுனேன், ஒருத்தர் "உங்களுக்கு இங்க ஓட்டே இல்லையேம்மா"ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. அந்தக் கமிட்டிக்கு எலெக்சன் எப்ப, எங்க பேர் பதியணும்? வீட்டுக்காரரு வாடகை அக்ரிமெண்ட்டும் தர மாட்டேங்கிறாரு.
– வாசகி, விளாங்குடி

பதில்: அவரு கேட்ட விதம் சரியில்ல தாயி, ஆனா விஷயம் சரிதான். அந்த ஏரியா வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற அம்புட்டுப் பேரும் சேந்ததுதான் ஏரியா சபை. அதுக்குன்னு தனியா பேர் பதியுற சோலி கிடையாது, எலெக்சனும் கிடையாது. நீங்க கமிட்டின்னு கேக்குறது வார்டு கமிட்டி, அதுக்குத் தலைவர் உங்க கவுன்சிலர், ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதின்னு மாநகராட்சி மன்றமே ஆள் போட்டுருது, நம்மகிட்ட யாரும் ஓட்டு கேக்குறதில்ல. என்னைக் கேட்டா அதுக்கும் ஒரு ஓட்டுப்பெட்டி வச்சிருக்கணும், கவுன்சிலருக்கு வேண்டப்பட்ட நாலு பேரே மாத்தி மாத்தி உக்காந்தா எதுக்கு அந்த கமிட்டி? மூணு லட்சம் பேருக்கு மேல இருக்கிற ஊருல வார்டு கமிட்டி இருக்கணும்னு அரசியல் சட்டத்துல 1993-லயே வந்தாச்சு, நம்ம ஊருப்பக்கம் ஏரியா சபைன்னு கூட்டம் கூடவே 2022 நவம்பர் 1 வரைக்கும் ஆச்சு. அது இருக்கட்டும்.

உங்களுக்கு இப்ப வேண்டியது ஒண்ணே ஒண்ணு, உசிலம்பட்டி தொகுதியில இருக்கிற உங்க பேரு விளாங்குடிக்கு வரணும். அதுக்கு படிவம் 8. நிறையப் பேரு புதுசா படிவம் 6 எழுதிக் குடுத்துட்டு வந்துர்றாங்க, அது முத தடவ ஓட்டுரிமை வாங்குறவங்களுக்கும் பட்டியல்ல பேரே இல்லாதவங்களுக்கும்தான். முன்னாடி தொகுதி விட்டு தொகுதி மாறுனா 6 தான், 2022 ஆகஸ்ட்டுல இருந்து வீடு மாறுனா எந்தத் தொகுதியா இருந்தாலும் 8-ன்னு மாத்திட்டாங்க, பழைய ஞாபகத்துல இருக்கிறவங்க தப்பா சொல்லிக் குடுத்துருவாங்க, பாத்துக்கங்க. 8 குடுத்தா அங்கிட்டு பேரு எடுபட்டு இங்கிட்டு ஏறும், ரெண்டு பக்கமும் தொங்காது.

அக்ரிமெண்ட்டுக்கு வீட்டுக்காரரு கால்ல விழ வேணாம். அந்த விலாசம் போட்ட ஆதார், பேங்க் இல்லாட்டி போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், கேஸ் பில்லு, கரண்ட் பில்லு, இதுல ஒண்ணு போதும், பில்லுன்னா அந்த வீட்டுக்கு ஒரு வருஷமாச்சும் வந்துக்கிட்டு இருக்கணும். வாடகைப் பத்திரமும் பதிவு பண்ணுனதாத்தான் இருக்கணும், பதிவு பண்ணாம வெறும் பத்திரத்தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டது செல்லாது. எதுவுமே இல்லாட்டியும் பி.எல்.ஓ நேர்ல வந்து நீங்க அங்க குடியிருக்கீங்களான்னு பாத்துட்டு எழுதணும், சட்டம் பாக்குறது நீங்க வழக்கமா எங்க குடியிருக்கீங்கங்கிறத, வீடு யாருதுங்கிறத இல்ல. ஓட்டு வந்துட்டா வாடகைக்காரன் வீட்டை அமுக்கிருவான்னு ஒரு பயம் நம்ம ஊரு வீட்டுக்காரங்களுக்கு உண்டு, அதுக்கு மருந்து என்கிட்ட இல்ல.

படிவம் எழுதுறப்ப டோர் நம்பர்ல மட்டும் கண்ணை வைங்க. நான் பாத்த ஒரு தெருவுல பழைய நம்பர் 14, புது நம்பர் 31, ஒரே வீட்டுல மாமனார் மாமியார் 14-ல, மகனும் மருமகளும் 31-ல. லிஸ்ட்டுல ஒரு பக்கத்துக்கு முப்பது கட்டம், கட்டத்துக்குள்ள பேரு, அப்பா இல்ல புருஷன் பேரு, வீட்டு எண், வயசு, பாலினம். நான் பக்கம் பக்கமா புரட்டுறேன், மகன் பேரு எட்டு பக்கம் தள்ளி வேற தெருக்காரங்களோட கிடக்கு. எலெக்சன் அன்னைக்கு பெருசுக ரெண்டும் ஒரு ஸ்கூலு, சின்னதுக ரெண்டும் வேற ஸ்கூலு, மாமியாரைக் கூட்டிட்டுப் போக ஆளில்லாம அந்தம்மா ஓட்டே போடல. அதனால உங்க பக்கத்து வீட்டுக்காரங்க கட்டத்துல எந்த நம்பர் போட்டிருக்குன்னு பாத்து அதே வரிசையில எழுதுங்க.

கேள்வி: எம்எல்ஏ எலெக்சனுக்குப் போட்ட அதே பூத்துலதான கவுன்சிலருக்கும்? மேயருக்கு தனி பட்டனா?
– செல்லூர் வாசகர்

பதில்: ரெண்டுக்கும் இல்ல. சட்டசபை எலெக்சன நடத்துறது இந்தியத் தேர்தல் ஆணையம், மாநகராட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம். பட்டியல் அடிப்படை ஒண்ணுதான், ஆனா இவங்க அதை 100 வார்டுக்கும் பிரிச்சு வேற மாதிரி அடுக்குவாங்க, உங்க பாக எண்ணு, வரிசை எண்ணு, பூத்து எல்லாமே மாறலாம். பழைய சிலிப்ப பாக்கெட்டுல வச்சுக்கிட்டு அதே ஸ்கூலுக்குப் போய் நின்னு "என் பேரைத் தூக்கிட்டாங்க"ன்னு சத்தம் போட்டவங்கள மாநகராட்சி எலெக்சன் அன்னைக்கு, 2022 பிப்ரவரி 19-ல நானே பாத்தேன், பேரு அடுத்த தெரு ஸ்கூல்ல பத்திரமா இருந்துச்சு. சட்டசபை பூத்தும் நிலையா இருக்காது, ஒரு பூத்துக்கு 1200 பேருக்கு மேல வேணாம்னு பிரிக்கிறாங்க. மேயருக்கு 2011-ல தனியா ஓட்டு போட்டோம், 2022-ல கவுன்சிலருங்களே கூடி தேர்ந்தெடுத்தாங்க, நமக்கு ஒரே ஓட்டு.

கேள்வி: ஆகஸ்ட்டுல எனக்கு 18 முடியுது. அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கணுமா மிஸ்?
– கல்லூரி மாணவர், திருநகர்

பதில்: வேணாம்ப்பா. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ன்னு வருஷத்துக்கு நாலு கணக்கு நாள் இருக்கு, உனக்கு அக்டோபர் 1. பதினேழு முடிஞ்சிருந்தா இப்பவே படிவம் 6 போட்டு வச்சிரலாம், நாள் வந்ததும் எடுத்துக்குவாங்க. போன்லயே போடலாம், சந்தேகம்னா ஓட்டர் உதவி எண் 1950-க்கு போன் அடி. தேதி அறிவிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துராத.

கேள்வி: கொட்டாம்பட்டி பக்கம் சொந்த ஊருல எனக்கு ஓட்டு இருக்கு, மதுரையில வீடு கட்டிட்டேன், இங்கயும் ஒண்ணு வாங்கிக்கலாமா? ஊருல நாலு ஓட்டு போடலாம்ல.
– வாசகர், அய்யர்பங்களா

பதில்: நாலு ஓட்டுக்கு ஆசைப்பட்டு வம்புல மாட்டிக்காதீங்க சார். வார்டு மெம்பர், தலைவர், யூனியன் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர்னு நாலு ஓட்டுச்சீட்டு உண்டுதான், தலைவருக்கு ரோஸ், யூனியனுக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஆனா ஒருத்தருக்கு ஒரு இடத்துலதான் பேரு இருக்கணும், வேற எங்கயும் இல்லைன்னு பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். பொங்கலுக்கு மட்டும் போற ஊருக்கு தலைவரைத் தேர்ந்தெடுத்துட்டு, நீங்க தினம் மிதிக்கிற சாக்கடைக்கு யாரைப் போய்க் கேப்பீங்க?

கேள்வி: மாவட்டத் திட்டக்குழுன்னு ஒண்ணுக்கு எலெக்சன் நடந்துச்சாமே, எங்களுக்குத் தெரியவே இல்லையே?
– பழங்காநத்தம் வாசகர்

பதில்: 2023 ஜூன்ல நடந்துச்சு. அதுக்கு நமக்கு ஓட்டு கிடையாது. அஞ்சுல நாலு பங்கு உறுப்பினருங்கள மாவட்டக் கவுன்சிலருங்களும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி கவுன்சிலருங்களும் தங்களுக்குள்ளயே தேர்ந்தெடுத்துக்குவாங்க, டவுனுக்கு எத்தனை கிராமத்துக்கு எத்தனைங்கிறது ஜனத்தொகைக் கணக்குப்படி. மாவட்டத்துக்கான திட்டத்த எழுதுறதே அவங்கதான், ஆனா அதுல யாரு இருக்காங்கன்னு நானே தேடித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கேள்வி: போன தடவ நான் போறதுக்குள்ள என் ஓட்ட யாரோ போட்டுட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.
– வாசகி, பெயர் வேண்டாம்

பதில்: ஏம்மா திரும்பி வந்தீங்க! பூத் தலைமை அலுவலர்கிட்ட போய் டெண்டர் ஓட்டு வேணும்னு கேட்டிருக்கணும். நீங்கதான்னு கேள்வி கேட்டு உறுதி பண்ணிட்டு மிஷின்ல விட மாட்டாங்க, காகிதச் சீட்டு தருவாங்க, கையெழுத்து போட்டுட்டு குத்தணும், அது தனி கவருக்குள்ள போகும். சும்மா எண்ண மாட்டாங்க, கேசு கோர்ட்டுக்குப் போனாத்தான் அதுக்கு வேலை. ஆனா உங்க பேருல கள்ள ஓட்டு விழுந்துச்சுங்கிறதுக்கு எழுத்துல இருக்கிற சாட்சி அது ஒண்ணுதான். அடுத்த தடவ அடையாள அட்டையோட காலையில ஏழு மணிக்கே போய் முத ஆளா நில்லுங்க, வெறும் பூத் சிலிப்ப மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.