லைப்ரரி இருக்கிறது, ஆனாலும் இல்லை என்கிறதே?

கேள்வி: என் கணினியில் உபுண்டு 20.04. அதில் கிடைக்கும் ஹெச்டாப் (எந்தப் புரோகிராம் எவ்வளவு சிபியு, மெமரி எடுக்கிறது என்று காட்டுவது) 2.2.0 பழசு என்பதால் மூன்றாம் பதிப்பின் சோர்ஸை இறக்கி, கம்பைல் செய்யத் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஓட்டினேன். டெர்மினலில் திரையை வரைய உதவும் என்கர்சஸ் லைப்ரரி இல்லை என்று நின்றுவிடுகிறது. உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவும் ஏபிடியில் பார்த்தால் அது ஏற்கெனவே இருக்கிறது! எல்லாவற்றுக்கும் முன்னால் சுடோ (ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போடு என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். போட்டாலும் இதே இடத்தில்தான் நிற்கும். இருப்பதாக ஏபிடி காட்டுவது, ஏற்கெனவே கம்பைல் ஆன புரோகிராம்கள் ஓடுவதற்கான என்கர்சஸ். நீங்களே கம்பைல் செய்ய அதன் ஹெடர் ஃபைல்களும் வேண்டும், அதாவது எந்த ஃபங்ஷனுக்கு என்ன பெயர், எதைக் கொடுத்தால் எது திரும்பும் என்று கம்பைலருக்குச் சொல்பவை. டெபியன், உபுண்டுவில் இவற்றைத் தனியே பிரித்து, பெயரின் வாலில் 'டெவ்' ஒட்டி வைத்திருப்பார்கள். லிப்என்கர்சஸ்-டெவ், பில்ட்-எசென்ஷியல் (கம்பைலர், மேக் எல்லாம் இதில் வரும்) இரண்டையும் ஏபிடி வழியாகப் போடுங்கள், சுடோவுக்கு வேலை இங்கே மட்டும்தான்.

மறுபடி கான்ஃபிகர் ஓட்டும்போது, ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷனில் ஹோம் டைரக்டரிக்குள் டாட் லோக்கல் என்று பாதை கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கலுக்குப் போகும், அங்கே எழுத சுடோ கேட்கும். அப்புறம் கம்பைல் செய்ய மேக், உரிய இடத்தில் வைக்க மேக் இன்ஸ்டால், அவ்வளவுதான். சுடோவோடு மேக் ஓட்டிய கூத்தை நானும் செய்திருக்கிறேன். ஃபோல்டரில் உருவான ஃபைல் எல்லாம் ரூட்டின் சொத்தாகி, அடுத்த முறை சாதாரணமாக ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்' என்று முறைத்தது.

கான்ஃபிகர் வேறு எங்காவது நின்றால் அதே ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் டாட் லாக்கைத் திறங்கள். கடைசியில் நீளமாக வேரியபிள் பட்டியல் வரும், அதைப் பார்த்து மிரள வேண்டாம், கம்பைலர் உண்மையில் என்ன புலம்பியது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும்.

எல்லாம் முடிந்தும் 2.2.0 என்றே காட்டினால், ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள்: டாட் லோக்கலுக்குள் பின் என்ற டைரக்டரி இருந்தால்தான் உபுண்டு அதைப் பாத்-இல் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியலில்) சேர்க்கும், அதையும் லாகின் நேரத்தில்தான் பார்க்கும். சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், பிற்பாடு வேண்டாமென்றால் மேக் அன்இன்ஸ்டால் அங்கிருந்துதான் ஓட்ட வேண்டும், இப்படிப் போட்டதை ஏபிடிக்குத் தெரியவே தெரியாது.