ரத்தம் வரவில்லை என்றால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 42. பல வருடமாகத் தினமும் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிக்கிறேன். பல் துலக்கும்போது ரத்தம் வந்ததே இல்லை. ஆனால் பல் டாக்டர், ஈறு நோய் முற்றிவிட்டது, ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும், சிகரெட்டையும் விட வேண்டும் என்கிறார். சிகரெட்டை விடாமல் சிகிச்சை மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: பலன் இருக்கும். ஆனால் நீங்கள் செலவழிக்கும் பணத்துக்கும் படும் சிரமத்துக்கும் ஈடாக இருக்காது.

முதலில் அந்த ரத்த விஷயம். ஈறு சிவந்து ரத்தம் கசிவதுதான் பலருக்கு முதல் எச்சரிக்கை. புகைப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை அமுங்கிப்போகிறது. புகை ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதிப்பதால் ரத்தக் கசிவு குறைந்துவிடும். பார்வைக்கு ஈறு உறுதியாகவே இருக்கும். அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் டாக்டர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுக் கம்பியை விட்டுப் பார்க்கிறார். 3 மி.மீ. ஆழம் வரை சாதாரணம். 4, 5 என்று போனால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது. எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். வேரில் படிந்த காரையை டாக்டர் எடுத்துவிடுவார். அப்புறம் ஈறு பல்லோடு மறுபடி இறுகி, பையின் ஆழம் குறைய வேண்டும். அது உங்கள் உடம்பு செய்ய வேண்டிய வேலை. கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களையும், திசுவைச் சரிசெய்யும் செல்களையும் புகை முடக்குகிறது. அதனால் ஒரே சிகிச்சை எடுத்தாலும் புகைப்பவருக்குப் பை குறைவாகவே சுருங்குகிறது. ஈறு அறுவைச் சிகிச்சை, இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) இரண்டிலும் பலன் இப்படித்தான் குறையும். 2018-ல் வெளியான ஈறு நோய் வகைப்பாடு, ஈறு நோய் உள்ளவர் தினமும் 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தால், அதை வேகமாக முற்றும் வகையில் சேர்க்கிறது. நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள்.

சிகரெட்டை விட்ட பிறகு சில வாரங்களில் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கலாம். தயவுசெய்து பயந்துபோய் மறுபடி பற்றவைக்காதீர்கள், துலக்குவதையும் நிறுத்தாதீர்கள். ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்புகிறது. இதுவரை மறைந்திருந்த அழற்சி இப்போது வெளியே தெரிகிறது. கரைந்த எலும்பு தானாக வளராது. ஆனால் கரையும் வேகம் குறையும், சிகிச்சைக்கு ஈறு நன்றாக ஒத்துழைக்கும்.

சிகரெட்டை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். தனியாக முடியாவிட்டால் நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மெல்லும் புகையிலைக்கு மாறுவது தீர்வே இல்லை. வைக்கும் இடத்தில் ஈறு இறங்கும், வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. எத்தனை சிகரெட் என்பதை டாக்டரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள், அறுவைச் சிகிச்சை எப்போது என்பதை அதை வைத்தும்தான் முடிவு செய்வார். இன்றைய பை அளவுகளை எழுதி வாங்கி வையுங்கள், 3 மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.